டின்னில் வந்த தெம்பு

ஃபேக்டரி பஸ் ஓட்டுபவனுக்கு லைசென்ஸ்தான் சோறு. அதற்கான மருத்துவப் பரிசோதனையில் நான் தேறவில்லை. காரணம், தெம்புக்காகக் குடித்த எனர்ஜி டிரிங்க் டின். நீங்களும் குடிக்கிற ஆள் என்றால் படியுங்கள். இல்லையென்றால் போய் வேலையைப் பாருங்கள்.

புரட்டாசி

சுங்கை லாலாங் தோட்டத்துப் பெண்களைக் காலை ஷிப்டுக்கு ஏற்றிப்போவது என் வேலை. டின்னில் டாரின் என்று ஒரு சரக்கு உண்டு. காளை மாட்டிலிருந்து எடுப்பது, குடித்தால் காளை பலம் என்று பஸ் முழுக்க அளந்தேன். அது ஆலையில் செய்வது, நம் உடம்பே கொஞ்சம் தயாரித்துக்கொள்கிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. என் பின் சீட்டில் உட்காரும் லெட்சுமி எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏண்ணே, புரட்டாசின்னு முட்டையக்கூட தொடமாட்டீங்க. மாடு டின்னுல வந்தா பரவால்லையா?"

மூலிகை

எனக்கு இனிப்பு நீர் வியாதி. சர்க்கரை இல்லாத டின்னுக்கு மாறினேன். சர்க்கரைதான் இல்லையே என்று ஒன்றுக்கு இரண்டாக இறக்கினேன். குவாரானா என்று போட்டிருந்தது. ஏதோ விதை, மூலிகை, நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். டின்னில் ஏற்கெனவே காஃபின், அந்த விதைக்குள்ளும் காஃபின். காப்பி மேல் காப்பி. நெஞ்சு படபடத்தது. படுத்தால் தூக்கமில்லை, தூக்கமில்லாததால் மறுநாளும் டின். கியர் மாற்றும்போது லெட்சுமி எட்டிப் பார்த்தாள்: "அண்ணே, ரோடு நல்லாத்தானே இருக்கு, உங்க கை மட்டும் ஏன் குழியில போகுது?"

பரிசோதனை

லைசென்ஸ் முடியப்போகிறது. புதுப்பிக்க டாக்டர் கையெழுத்து வேண்டும். கிழவன் என்று நினைத்துவிடக் கூடாதே! கிளினிக் வாசலிலேயே ஒரு டின் அடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன். பிரஷர் எகிறியது. மறுபடி பார்த்தார், இன்னும் எகிறியது. மகள் வயது டாக்டர், நான் குடித்ததைக் கேட்டறிந்து பேனாவை மூடிவிட்டார். "அங்கிள், இதெல்லாம் விட்டுட்டு நல்லா தூங்கிட்டு வாங்க. இப்ப கையெழுத்து போட்டா டின்னுக்குத்தான் போடணும்."

ஹார்ன்

விட்டேன். தலைவலி மண்டையைப் பிளந்தது. தூங்கத்தான் வழியில்லை. விடியுமுன் எழுந்து, தோட்டத்துக்குள் வளைந்து வளைந்து போய், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஹார்ன் அடிப்பவனுக்கு ஏது தூக்கம்? பஸ் வாசலுக்கு வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். டாக்டர் சொன்னது பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருநாள் லெட்சுமி பஸ்ஸுக்குள் எழுந்து நின்றாள். "நாளைலேருந்து எல்லாரும் மெயின் ரோட்டுக்கு நடந்து வர்றோம்லா. அண்ணே, அந்த நேரத்துக்கு நீங்க தூங்குங்க. கண்ணு செவந்து வந்தீங்க, ஒருத்தியும் ஏறமாட்டோம்."

அடுத்த முறை டாக்டர் கையெழுத்துப் போட்டார். டாரினும் குவாரானாவும் காஃபினும் சேர்ந்து தராத தெம்பைத் தந்தது, முழங்கால் வலியோடு, என்னைத் திட்டிக்கொண்டே ரோடுவரை நடந்த லெட்சுமி.