கலர் பார்த்துக் கொடுக்கிறவளின் கண்

தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மேட்சிங் சென்டரில் எனக்கு வேலை. பெண்கள் புடவையைக் கொண்டுவந்து மேஜைமேல் விரிப்பார்கள். அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி, லைனிங், புடவையின் கீழ் ஓரத்தில் தைக்கிற ஃபால்ஸ் எல்லாவற்றையும் நாங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமான வேலைதான். ஆனால் வெறும் பச்சை என்று ஒரு நிறம் எங்கள் கடையில் கிடையாது. கிளிப்பச்சை, பாட்டில் பச்சை, ராமர் பச்சை, மருதாணிப் பச்சை என்று ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருக்கும். புடவையின் முந்தானையை ஒரு தடவை பார்த்துவிட்டு அலமாரியில் கை வைத்தால் சரியான துணி கையோடு வரும். இருபது வருஷத்துக்கு மேலாக எனக்குச் சோறு போட்டது அந்தப் பழக்கம்தான்.

கண்ணில் கோளாறு என்று முதலில் எனக்குத் தோன்றவே இல்லை. கடையில் பழைய டியூப் லைட்டுகளை எடுத்துவிட்டுப் புது விளக்குகள் போட்டார்கள். அந்த வெளிச்சம் சரியில்லை என்று முதலாளியிடம் புலம்பினேன். சாயங்காலம் ரயிலிறங்கி, பம்மலில் இருக்கும் வீட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தால் எதிரே வரும் வண்டிகளின் விளக்கு வட்டம் வட்டமாக விரிந்து கண்ணைக் கூசவைத்தது. வண்டிக்காரர்கள் இப்போதெல்லாம் இப்படித்தான் விளக்கு போடுகிறார்கள் என்று அவர்களைத் திட்டினேன். ஒரே வருஷத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றினேன். கண்ணாடிக் கடைக்காரருக்குப் பவர் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு துணிகள் திரும்பி வர ஆரம்பித்தன. கறுப்பு என்று கொடுத்தது வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் நேவி ப்ளூ. கல்யாணப் புடவைக்கு வெங்காயத் தோல் நிறத்தில் லைனிங் கேட்ட அம்மாவுக்கு நான் கொடுத்தது வேறு ஏதோ ரோஸ். முதலாளி நல்ல மனிதர். முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். ஆனால் அடுத்த தடவை அந்த அம்மா வந்தபோது என்னைத் தாண்டிப் போய், கடையில் என்னோடு வேலை பார்க்கும் கூட்டாளியிடம் நின்றார்.

என் கூட்டாளி அனகாபுத்தூர்க்காரி. என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவள். பல்லாவரம் ஸ்டேஷனில் சந்தித்து ஒன்றாக ரயில் ஏறித் தாம்பரம் வருவது எங்கள் வழக்கம். திடீரென்று அவள் எனக்கு முந்தின ரயிலில் போக ஆரம்பித்தாள். கேட்டால், கூட்டம் கம்மியாக இருக்கிறது என்றாள். கடையிலும் நீலப் புடவையோ ஊதாப் புடவையோ என் முன்னால் விரிந்தால் உடனே வந்து, “நான் பாக்கறேன்க்கா, நீ அந்த மெரூனைப் பாரு” என்று வாங்கிக்கொள்வாள். என் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகத் தன் பக்கம் இழுக்கிறாள் என்று எனக்குள் புகைந்தது. ஒருநாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது கேட்டேவிட்டேன்.

“எனக்குக் கலர் தெரியாதுன்னு எல்லாருக்கும் காட்டணுமா உனக்கு?”

அவள் அலமாரியிலிருந்து இரண்டு துணிகளை உருவிக்கொண்டு, “வெளிய வாக்கா” என்று வாசலுக்குக் கூட்டிப்போனாள். நல்ல உச்சி வெயில். துணிகளை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இது இன்னா கலரு, சொல்லு.”

“ரெண்டும் சந்தனம்தானே.”

அவள் துணிகளை இறக்கினாள். பிறகு மெதுவாக, “ஒண்ணுதான் சந்தனம். இன்னொண்ணு வெள்ளைக்கா. சுத்த வெள்ளை” என்றாள்.

நான் துணிகளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தத் துணி எது என்று எனக்குத் தெரியவில்லை.

“நான் முன்னாடி வண்டில வந்துகினு இருக்கறேனே, எதுக்குன்னு நெனச்ச? முந்தின நாளு நீ மாத்தி மாத்தி அடுக்கின பீஸெல்லாம் எடுத்துச் சரி பண்ணத்தான். மொதலாளி பாத்தா மனசு கஷ்டப்படுவாருன்னு. ஒன் கண்ணுலதான் இன்னாவோ கீதுக்கா. வா, போய்க் காட்டிகினு வந்துடலாம்.”

வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. இந்தக் கண்ணை நம்பித்தானே என் பிழைப்பு.

அடுத்த நாளே முதலாளியிடம் சொல்லிவிட்டு இருவரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு பெண் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். பிறகு சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். கடைசியில் டாக்டரம்மா என் தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லிப் பார்த்தார். என் கண்ணைப் படமெடுத்துப் பக்கத்துத் திரையில் பெரிதாகக் காட்டினார்.

“கறுப்பு முழிக்குப் பின்னாடி ஒரு லென்ஸ் இருக்கும்மா. சின்ன வயசுல கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். வயசாக ஆக மங்கும். அதைத்தான் கண்புரைன்னு சொல்றோம். உங்களுக்கு மங்கினது மட்டுமில்ல, பழுப்பாவும் ஆயிடுச்சு. அது வழியாத்தான் நீங்க எல்லாத்தையும் பாக்கறீங்க.”

திரையில் இருந்த நிறத்தைக்கூட என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கூட்டாளி பக்கம் திரும்பி, “இது என்ன கலர்?” என்று கேட்டேன்.

“டீ டிகாஷன் கலருக்கா” என்றாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “கரெக்டா சொன்னீங்க” என்றார். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றும், பின்பக்க நரம்பு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். முதலில் ஒரு கண், அது ஆறிய பிறகு அடுத்தது. கண்ணாடி மாற்றுவதில் இனி பயன் இல்லை.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். பம்மலில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்து ஓய்ந்தவர். சின்ன வயசில் ஒரு இரும்புத் துணுக்கு அவர் கண்ணில் தெறித்து, இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் ஊசியால் எடுத்தாராம். அதிலிருந்து கண் பக்கம் எதுவும் வரவிட மாட்டார். நான் மை போட்டுக்கொண்டால்கூட வேறு பக்கம் பார்ப்பார்.

“இப்ப என்ன அவசரம்? நல்லா முத்தட்டும். முத்தினப்புறம்தான் எடுப்பாங்களாம். கரைக்கிறதுக்குச் சொட்டு மருந்துகூட இருக்காமே.”

அவரோடு வாதாடவில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, லென்ஸின் பவரை அளக்கும் பரிசோதனைக்கு அவரையும் கூட்டிப்போனேன். அங்கே நோயாளிகளுக்கு விளக்கம் சொல்வதற்கென்றே ஒரு பெண் இருந்தார். இவர் தன் சந்தேகம் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினார். அந்தப் பெண் ஒரு கேள்வியையும் அலட்சியப்படுத்தவில்லை.

“கரைக்கிற மருந்துன்னு எதுவும் கிடையாதுங்க ஐயா. முத்தறதுக்காகக் காத்திருக்கவும் வேணாம். ரொம்ப முத்திட்டா எடுக்கிறதுதான் கஷ்டம். அவங்க வேலைக்கு இடைஞ்சலா இருக்கில்ல, அதுதான் சரியான நேரம்.”

“மயக்க ஊசி போடுவீங்களா?”

“பெரும்பாலும் தேவைப்படாது. சொட்டு மருந்துலயே கண்ணு மரத்துப்போயிடும். ஓரத்துல ரொம்பச் சின்னதா ஒரு வழி பண்ணி, மங்கின லென்ஸை உடைச்சு உறிஞ்சி எடுத்துட்டு, அதே இடத்துல புது லென்ஸ் வெச்சிடுவாங்க. அது அங்கயே இருக்கும். மாத்த வேண்டியதில்ல.”

“யாராவது புடிச்சுக்குவாங்களா அவளை?” என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. யாரும் பிடித்து அழுத்த மாட்டார்கள் என்று நானே சொன்னேன்.

என்னிடமும் அந்தப் பெண் என் வேலையைப் பற்றி விசாரித்தார். தூரப் பார்வைக்கு ஏற்ற லென்ஸ் வைத்தால், கிட்டத்தில் அளவு டேப் பார்க்கவும் பில் படிக்கவும் கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது. எல்லாமே சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆபரேஷன் அன்று பச்சை அங்கி மாட்டி, எந்தக் கண் என்று தெரிய நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டி, வரிசையாக உட்கார வைத்தார்கள். என் பக்கத்தில் கோவளம் பக்கமிருந்து வந்திருந்த ஒரு மீன்காரம்மா. நர்ஸ் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது மீன்காரம்மா கேட்டார்:

“நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போலாமாம்மா?”

“கொஞ்ச நாளைக்கு மீன் கூடையைத் தூக்கக்கூடாது ஆயா. கண்ணுல தண்ணி படக்கூடாது.”

“மீன்காரிக்குத் தண்ணி படாம எப்படிம்மா” என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பயத்தில் காய்ந்திருந்த என் வாயிலும் ஒரு சிரிப்பு வந்தது.

உள்ளே படுக்க வைத்து முகத்தைத் துணியால் மூடினார்கள். கண்ணுக்கு மட்டும் ஒரு திறப்பு. “வெளிச்சத்தையே பாருங்கம்மா, ஆடாதீங்க” என்று டாக்டரம்மாவின் குரல். வலி இல்லை. யாரோ கண்ணை லேசாக அழுத்துகிற மாதிரி இருந்தது. தண்ணீர் ஓடுவதும், ஒரு இயந்திரம் விட்டுவிட்டு முனகுவதும் கேட்டன. மேலே இருந்த வெளிச்சம் கலைந்து கலைந்து சேர்ந்தது. மஞ்சள், ரோஸ், பிறகு எனக்குப் பெயர் தெரியாத ஒரு நிறம். நடுவில் இருமல் வருகிற மாதிரி இருந்தது. இருமினால் என்ன ஆகுமோ என்று உடம்பு விறைத்தது. உடனே ஒரு கை துணிக்கு அடியில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

“இருமல் வருதுன்னா சொல்லுங்க, நிறுத்திக்கிறோம்.”

அந்தக் கை வந்ததும் இருமல் போய்விட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில், “லென்ஸ் வெச்சாச்சு, முடிஞ்சுதும்மா” என்றார்கள்.

மறுநாள் காலை கண்மேல் இருந்த மூடியை எடுத்துவிட்டுத் துடைத்தார்கள். மெதுவாகத் திறக்கச் சொன்னார்கள். எதிரே சுவர். முந்தைய நாள்வரை அந்தச் சுவரை நான் க்ரீம் நிறம் என்றே நினைத்திருந்தேன். வெளிர் நீலமாக இருந்தது. துவைத்த துணியைச் சொட்டு நீலத்தில் லேசாக முக்கி எடுத்த மாதிரி. பக்கத்தில் நின்றிருந்த கணவரைப் பார்த்தேன். ஆபரேஷன் ஆன கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் பார்த்தால் அவர் சட்டை பழுப்பு. மாற்றிப் பார்த்தால் பளிச்சென்று வெள்ளை.

“என்ன, மாத்தி மாத்திக் கண்ணடிக்கிற?” என்றார்.

“உங்க சட்டை வெள்ளையா?”

“வெள்ளைதான். எப்பவும் வெள்ளைதான் போடறேன்.”

எனக்கு அழுகை வந்தது. அழலாமா கூடாதா என்று நர்ஸிடம் கேட்டேன். “அழுங்க, ஆனா தேய்க்காதீங்க” என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு சொட்டு மருந்து விடுவது யார் என்ற கேள்வி வந்தது. மகள் நாவலூரில் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வர முடியும். நானே விட்டுக்கொள்ளப் பார்த்தேன், கன்னத்தில் வழிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். என்னைப் படுக்க வைத்துக் கீழ் இமையை இழுத்தார். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. இரண்டாவது காதுக்குப் போனது. மூன்றாவது கண்ணில் விழுந்தபோது என்னைவிட அவர்தான் பெருமூச்சு விட்டார். அதன் பிறகு ஒரு வேளைகூடத் தவறவில்லை. போனில் அலாரம் வைத்து, டீக்கடையில் நின்றிருந்தாலும் வந்துவிடுவார். தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதால் என் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணில் ஒரு துளி படாமல் அவரே அலசிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குத் தலை சீவிக்கூட விட்டதில்லை.

இரண்டாவது கண்ணுக்குப் போனபோது எனக்குப் பயம் இல்லை. முதல் தடவை என் கையைப் பிடித்தவர் யார் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. எல்லோரும் முகமூடியும் தொப்பியும் போட்டிருந்ததால் அடையாளம் தெரியவில்லை. நர்ஸிடம் கேட்டேன்.

“அன்னிக்கு யாரு இருந்தாங்களோ தெரியலையேம்மா. யாரு பக்கத்துல இருந்தாலும் புடிச்சுக்குவோம்” என்றார்.

அதனால் அன்று எதிரே வந்த எல்லோருக்கும் நன்றி சொன்னேன். தரை துடைத்துக்கொண்டிருந்தவர்கூட, “எனக்கு எதுக்கும்மா?” என்று கேட்டுவிட்டு நன்றியை வாங்கிக்கொண்டார்.

டாக்டரம்மா அனுமதித்த பிறகு வேலைக்குத் திரும்பினேன். அதுவரை முதலாளி என் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. கூட்டாளி இருவர் வேலையையும் பார்த்திருக்கிறாள். நான் நுழைந்ததும் நீல அலமாரி முன்னால் என்னை நிறுத்தி, “பாரு” என்றாள். ஆகாயம், மயில் கழுத்து, நேவி, சங்குப்பூ எல்லாம் தனித்தனியாக நின்றன. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் நின்று, “இது ரெண்டும் ஒண்ணில்லையே, ஏன் ஒண்ணா அடுக்கியிருக்க?” என்று கேட்டேன்.

அவள் கிட்டே வந்து பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணாத்தான் தெர்து” என்றாள். எனக்குப் பகீரென்றது. அடுத்த விடுமுறையிலேயே அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவள் கண்ணில் புரை எதுவும் இல்லை, படிக்கிற கண்ணாடி மட்டும் போட்டால் போதும் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் டீ குடித்தோம். அந்த இரண்டு நீலமும் ஒன்றுதான் என்று அவள் இன்றுவரை சாதிக்கிறாள். நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.