பதினோராம் அடியில் வந்த களி

1909ஆம் ஆண்டு ஆடி மாதம் சின்னப்பையனுக்கு வயது நாற்பத்தாறு. அந்தப் பெயரை வைத்துக் கேலி செய்யாதவர் பூந்தமல்லியில் இல்லை. ஆனால் மூச்சை அடக்கி, நூறு எண்ணும்வரை தண்ணீருக்கடியில் வேலை செய்ய அவரை விட்டால் ஆளும் இல்லை.

ஆவடிக்குப் போகும் வழியில் கூவத்தின் குறுக்கே பாலம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். மணல் ஆற்றில் தூண் எப்படி நிற்கும்? கிணறு இறக்கித்தான். செங்கல்லை வட்டமாக மணல்மேல் கட்டுவார்கள். சின்னப்பையன் அதற்குள் ஊறி நிற்கும் தண்ணீரில் முங்கி, சுவருக்கு அடியிலிருக்கும் மணலை வாரிக் கூடையில் நிரப்புவார். மேலே அவர் மனைவி கன்னியம்மாள் எண்ணிக்கொண்டே கூடையை இழுப்பார். மணல் போகப் போகச் சுவர் தன் கனத்தாலேயே விரல் விரலாக இறங்கும். எல்லாக் கட்டடமும் மேலே வளரும். இது பூமிக்குள் வளர்ந்தது. வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டு வாய் பிளந்து பார்த்தார்கள்.

பதினோராம் அடியில் களிமண் வந்தது.

"போதும்டா, களி தூணைத் தாங்கும். ஐப்பசி மழைக்குள்ள தூணைத் தூக்கணும்" என்றார் ஓவர்சியர் வீரராகவன்.

சின்னப்பையன் ஒரு உருண்டைக் களியை வாயில் போட்டு மென்றார்.

"இன்னாயா, கஞ்சி பத்தலையா? மண்ணைத் துன்னுகினு கீற" என்றார் கன்னியம்மாள்.

"நறநறங்குது. நல்ல களின்னா வெண்ணெ மாதிரி வழுக்கணும். இது வெறும் ஏடு, சாமி. கீய மணல் கீது. வெள்ளம் வந்தா தூணு சாயும்" என்றார் சின்னப்பையன் ஓவர்சியரிடம்.

ஓவர்சியர் கன்னியம்மாளைப் பார்த்தார். போன ஐப்பசி வெள்ளத்தில் இதே துறையில் வண்டியோடு அடித்துச் செல்லப்பட்டவர் கன்னியம்மாளின் தம்பி.

"இந்தாளு நாக்கு ஆயிரம் பொய் சொல்லும், சாமி. பல்லு சொல்லாது" என்றார் கன்னியம்மாள்.

"ஒரு தடவைதான். குத்திப் பாரு" என்றார் ஓவர்சியர்.

சின்னப்பையன் இடுப்பில் கயிறு கட்டி, கடப்பாரையோடு முங்கினார். கன்னியம்மாள் உரக்க எண்ணினார். அறுபதில் தரை அதிர்ந்தது. அத்தனை செங்கல்லும் ஒரே மூச்சில் ஒரு முழம் கீழே போயிற்று. சுவர்மேல் நின்ற ஓவர்சியர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கயிறு தொய்ந்தது.

எழுபது. எண்பது. கன்னியம்மாள் எண்ணுவதை நிறுத்தவில்லை. குரல் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. தொண்ணூற்றிரண்டில் கயிறு சுண்டியது. நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள்.

மேலே வந்த சின்னப்பையன் இருமினார். பிறகு கையை விரித்தார். உள்ளே வெள்ளை மணல்.

வீரராகவன் செங்கல்மேல் கையை ஊன்றி எழுந்தார். பிறகு, "இறக்கு" என்றார்.

பதினெட்டாம் அடியில் மறுபடி களி வந்தது. சின்னப்பையன் கடப்பாரையால் மூன்று முழம் குத்தியும் அடியில் மணல் வரவில்லை. கூடையில் வந்த அந்தக் களியை இந்த முறை கன்னியம்மாளே வாயில் போட்டுப் பார்த்தார். வழுக்கியது.

மறுநாள் காலை, இருபது அடி தள்ளி, இரண்டாவது தூணின் கிணற்றுக்கு வட்டம் போட்டார்கள்.