கண்டக்டர் உட்கார்ந்த கதை

திண்டுக்கல்லுக்கும் கொடைரோட்டுக்கும் இடையில் முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் போய்வந்தவன் நான். கண்டக்டர். இவ்வளவு சுற்றியும் எந்த ஊருக்கும் போகாத மனுசன் என்பாள் என் மனைவி. கடவுளோடு எனக்குச் சண்டை கிடையாது, பேச்சுவார்த்தையும் கிடையாது. கோயில் வாசலில் ஆளை இறக்கிவிட்டு விசில் ஊதுவதோடு சரி.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே வீட்டில் என் தொந்தரவு தாங்கவில்லை. வாசற்படியில் யார் நின்றாலும், "ஒண்ணு உள்ள வாங்க, இல்ல கீழ இறங்குங்க" என்று அதட்டினேன். பால்காரர் எங்கள் வீட்டுப் பாலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

"ஏங்க, காசிக்குப் போயிட்டு வருவோம். மனசு அடங்கும்" என்றாள் அவள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் நாற்பது பேரோடு கிளம்பினோம்.

வடக்கே ரயிலை விட்டு இறங்கியதும் எங்களுக்கென்று ஒரு பஸ் நின்றது. எனக்கு ஜன்னலோர சீட்டு. ஐந்து நிமிடம் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்துபோய்க் கதவருகே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன்.

"செத்த நேரம் உக்காருங்களேன்."

"நீ உக்காரு. இறங்குறவுக எந்திரிச்சா யாரு பாக்குறது?"

டிரைவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தேன், வண்டி நின்றது. இரண்டு அடித்தேன், கிளம்பியது. காசி போய்ச் சேர்வதற்குள் தன் வெற்றிலையில் பாதியை எனக்குக் கொடுக்கும் அளவுக்கு மனிதர் நெருங்கிவிட்டார்.

கோயில் சந்தில் சரியான நெரிசல். யாரும் நகரவில்லை. என்னையறியாமல், "உள்ள போ, உள்ள போ! முன்னாடி அம்புட்டு இடம் கெடக்கு!" என்று குரல் கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எந்தெந்த ஊர்க்காரர்களோ, மொத்த வரிசையும் நகர்ந்தது. எனக்கு ஏகப்பட்ட பெருமை. சன்னிதிக்குள் நுழைந்தபோதும் திரும்பி நின்று எங்கள் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குள் காவலர் என் முதுகில் கைவைத்து வெளியே தள்ளிவிட்டார்.

"நல்லாப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி, கண்ணெல்லாம் நீரோடு.

"நாப்பது பேரும் வந்துட்டாக."

அவள் முகம் விழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. இத்தனை தூரம் வந்து சாமியைக் கோட்டைவிட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் விடிகாலை அவளை மட்டும் கூட்டிக்கொண்டு கங்கையில் படகேறினேன். அங்கேயும் எழுந்து நிற்கப் பார்த்தேன். படகோட்டி கத்தினார். பாஷை புரியாவிட்டாலும் வசனம் எனக்குப் பழக்கமானது. உட்கார்ந்தேன்.

பிடிக்கக் கம்பியில்லை, பார்த்துக்கொள்ளக் கதவில்லை. துடுப்பு அவர் கையில். எங்கே திருப்புவது, எங்கே நிறுத்துவது, எதுவும் என் பொறுப்பில் இல்லை. இத்தனை வருடம் ஒரு கீறல்கூட இல்லாமல் தினமும் வீடு திரும்பியது என் கெட்டிக்காரத்தனத்தால் என்றே நினைத்திருந்தேன். நடு ஆற்றில் அந்த நினைப்பு நிற்கவில்லை. கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"யாரைக் கும்புடுறீங்க?"

"ஓட்டுறவரை."

அவள் படகோட்டியைப் பார்த்தாள்.

"அவரை இல்ல" என்றேன்.

அவள் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஊர் திரும்பும்போது திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினோம். வழியில், செம்பட்டிக்கு முந்தின நிறுத்தம் எங்கள் ஊர். கூட்டம் படியில் தொங்கியது. பழைய தோழர்தான் கண்டக்டர். "அண்ணே, நீங்க ஒரு சத்தம் போடுங்க, உள்ள போவாக" என்றார்.

"நான் டிக்கெட் எடுத்த ஆளுப்பா" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டேன். வெங்காய மூட்டை வாசம், ஜன்னலில் சுள்ளென்று வெயில், தோளில் மனைவியின் தலை. நம்ம ஊர்க் காற்று முகத்தில் பட்டது மட்டும் நினைவிருக்கிறது.

விழித்தபோது பஸ் வத்தலக்குண்டில் காலியாக நின்றது.

"எழுப்பக் கூடாதா?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"நீங்க தூங்கி நான் பாத்ததே இல்லண்ணே. மனசு வரல."

மனைவிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. இறங்கி, சூடாக ஆளுக்கு இரண்டு வடையும் டீயும் சாப்பிட்டோம். திண்டுக்கல் பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது.

"அடுத்ததுல போவோம்" என்றேன்.