ஏகாதசியன்று ஆகாயத்தில்

சில வருடங்களுக்கு முன், திருச்சியில் நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் வீடு ஸ்ரீரங்கம். அன்று வைகுண்ட ஏகாதசி. விடியும் முன்பே அம்மாவுடன் கூட்டத்தில் நசுங்கிப் பரமபத வாசலைக் கடந்துவிட்டு, நேராகப் பயிற்சிக்குப் போய்விட்டேன். தனியாக ஓட்ட வேண்டிய நாள்; விட மனசில்லை. பயிற்சியாளர் வழக்கம்போல, "சாப்பிட்டாச்சாம்மா?" என்றார். தலையாட்டினேன். எங்கள் வீட்டில் அன்று பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது என்று சொன்னால், விமானத்தில் ஏற விடமாட்டார். வீம்பு என்கூடவே பிறந்தது.

ஜீயபுரத்துக்கு மேலே போகும்வரை காவிரியும் வாழைத்தோப்புகளும் நன்றாகத்தான் தெரிந்தன. திடீரென்று உடம்பெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது. எதிரே இருந்த மீட்டர்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து இருக்கை காலி. நான் மயங்கினால் விமானத்தைப் பிடிக்க ஆள் இல்லை. காலையில் பரமபத வாசலைக் கடந்தவள், மதியத்துக்குள் நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிடுவேன் போலிருந்தது. உடம்பு சரியில்லை, திரும்பி வருகிறேன் என்று ரேடியோவில் சொன்னேன்.

கன்ட்ரோல் டவரில் எப்போதும் இங்கிலீஷ்தான். அன்று பேசிய பெண் சட்டென்று தமிழுக்கு மாறினார்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலை. இன்னிக்கு ஏகாதசி."



"சரிங்க. உள்ளே சாப்பிட ஏதாவது இருக்கா?"

பையில் எப்போதும் கிடக்கும் பிஸ்கட் இருந்தது, தண்ணீர் இருந்தது. அந்த நிலையிலும் கை தயங்கியதுதான் கொடுமை.

"வாயில போடுங்க. தண்ணி குடிங்க. எங்க வீட்லயும் விரதந்தான். ஆனா டியூட்டின்னா நான் சாப்பிட்டுட்டுத்தான் வருவேன். ரன்வே உங்களுக்காகக் காலியா இருக்கு. மெதுவா வாங்க, நான் பேசிட்டே இருக்கேன்."

அழுதுகொண்டே மென்றேன். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் குறைந்தது. தூரத்தில் ராஜகோபுரம் தெளிவாகத் தெரிந்தபோதுதான் உயிர் வந்தது. உயரம் என்ன, வேகம் என்ன என்று அவர் கேட்கக் கேட்க, பதில் சொல்லிக்கொண்டே வந்து இறங்கினேன். "ரொம்ப நன்றிங்க" என்றேன். அவர் பழையபடி இங்கிலீஷில், ரன்வேயை விட்டு இடது பக்கம் திரும்பச் சொன்னார். கடைசிவரை அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

பயிற்சியாளரிடம் வாங்கிய திட்டு தனிக்கதை. அம்மாவிடம் சொல்லத்தான் அதைவிடப் பயம். கேட்டதும் அவள் நேராகப் போய்ப் பெருமாள் படத்தின் முன் நின்றுவிட்டாள். ஆனால் அடுத்த ஏகாதசிக்கு, அந்த நாளில் பற்றவே வைக்காத எங்கள் அடுப்பில் இட்லி வெந்தது.

"நீ சாப்பிட்டுட்டுப் போ. பெருமாள்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

இப்போது வேறு ஊரில் பெரிய விமானம் ஓட்டுகிறேன். ஏகாதசிக் காலையில் அம்மா போன் செய்து, "சாப்பிட்டாச்சா?" என்பாள். தான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துகொண்டு அவள் கேட்கும் அந்தக் கேள்விக்கு, நான் இன்றுவரை பொய் சொன்னதில்லை.