புறங்கைச் சத்தம்

"என் மருமக ஓடலடி, நடந்துதான் போனா! செருப்பு வார் அறுந்தவ எப்படி ஓடுவா?"

இஸ்திரிக்காரி பெட்டியைத் துணியிலிருந்து எடுக்கவே இல்லை. என் மகனுடைய சட்டை அது. தீய்ந்தால் தீயட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

"சரி பாட்டி, நடந்தே போனதா இருக்கட்டும். தெருக்கோடில அந்தப் பையன் நின்னிருப்பான்ல?"

"எந்தப் பையன்?"

"அதான், டிவி நாடகத்துல உங்க மருமக குரல்ல அந்தப் பொண்ணு ஒரு பையன்கிட்ட கொஞ்சுவாளே, அவனுக்குக் குரல் குடுக்கிறவன். ஆறு மாசம் அந்தக் கொஞ்சல் கொஞ்சிட்டு அது வெறும் வாயோட போயிடுமா?"

இவள் மட்டுமில்லை, எங்கள் கட்டடத்தின் நாலு மாடியும் இதைத்தான் பேசுகிறது. அந்தப் பையனுக்குக் குரல் கொடுக்கிறவருக்கு ஐம்பத்து நாலு வயது. சர்க்கரை வியாதி. பகலில் ஒரு கிடங்குக்குக் காவல் இருக்கிறார். அவர் புதன்கிழமை வந்து பேசிவிட்டுப் போவார். என் மருமகள் போவது திங்களும் சனியும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. 'நீ இல்லாட்டி எனக்கு யாரு' என்று அவள் சொன்னது, குரல் பதிகிற அறையில் சத்தம் அடங்கச் சுவரில் ஒட்டிய பஞ்சைப் பார்த்து. இதை எடுத்துச் சொன்னேன்.

"ஆளே இல்லாமலா அப்படிக் கொஞ்சினா?" என்றாள் இஸ்திரிக்காரி. "அது இன்னும் மோசமில்ல?"

இவளிடம் பேசி என் தொண்டைதான் வற்றும். எனக்கு எழுத்து தெரியாது, காது தெரியும். காதால் கேட்டதை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகன் லிஃப்ட் மெக்கானிக். மருமகள் பத்தொன்பது வயதில் இந்த வீட்டுக்கு வந்தாள். உடம்பு ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. 'குண்டூசி' என்று பேர் வைத்தவன் என் மகன்தான். முப்பத்தாறு வயதிலும் அந்தக் குரல் மாறவில்லை. போனை எடுத்தால் எதிர்ப்பக்கம் இருப்பவர்கள், "பாப்பா, வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?" என்பார்கள். "நான்தாங்க பெரியவ" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். என் மகனுக்கு இதில் ஒரு குஷி. வேலை நேரத்தில் அவளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, "ஏதாவது பேசுடி, பசங்க கேக்கணும்" என்பான். லிஃப்ட் குழிக்குள் நாலைந்து பேர் சிரிப்பது இங்கே சமையலறை வரைக்கும் கேட்கும். அவளும் ஏதாவது பேசுவாள். பேசாமல் இருந்தால் சாயங்காலம் முகத்தைத் தூக்கிக்கொண்டு வருவானே.

கேஸ் கம்பெனியில் புகார் வாங்கும் வேலைக்கு அவள் போனது பேத்தி பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு. ஒருநாள் ஒருவர் சிலிண்டர் வரவில்லை என்று கத்துவதற்காகக் கூப்பிட்டிருக்கிறார். இவள் குரலைக் கேட்டதும் கத்தலை நிறுத்திவிட்டு, "குழந்தையை எல்லாம் எதுக்கும்மா வேலைக்கு வைக்கிறாங்க?" என்று கேட்டிருக்கிறார். இவள் தன் வயதைச் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு டப்பிங் கூடத்தை நடத்துகிறவர். அவருக்குச் சிலிண்டர் வந்ததோ இல்லையோ, இவளுக்கு வேலை வந்தது.

'மாடிப்படி' என்று ஒரு நாடகம். தினமும் ஆறரை மணிக்கு வரும். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி, மேல்வீட்டுப் பையன் ஒருவன், இருவருக்கும் நடுவில் ஒரு மாடிப்படி. அந்த நடிகைக்கு முகம் இருந்தது, குரல் கரகரப்பு. அவள் வாயில் என் மருமகளின் குரல் வந்தது. அவள் சிரித்தால் இவள் சிரிப்பு. அவள் தேம்பினால் இவள் தேம்பல்.

ஒருமுறை என்னையும் கூடத்துக்கு அழைத்துப் போனாள். ஜன்னல் இல்லாத அறை. மின்விசிறி சத்தம் போடும் என்று அதையும் நிறுத்திவிடுகிறார்கள். காதில் இரண்டு கிண்ணத்தை மாட்டிக்கொண்டு, வியர்த்து ஊற்ற, திரையில் அந்தப் பெண்ணின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு திறந்ததும் இவள் குரல். பையன் பேசும் இடத்தில் சத்தமே இல்லை, அவன் வாய் மட்டும் அசைகிறது. அந்த வெறும் வாயைப் பார்த்து இவள் வெட்கப்பட்டாள். அப்படி அவள் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை.

வீட்டில் ஆறரை மணிக்கு எல்லோரும் கேட்போம். என் மகன் மட்டும் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்பான். ஒருநாள் அவள் உள்ளே இருந்தபோது என்னிடம் கேட்டான்:

"என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்காளாம்மா?"

"அது எழுதிக் கொடுக்கிறதைப் பேசுறதுடா."

"எழுதிக் கொடுத்தா எனக்கும் பேசுவாளா?"

அவன் கேட்டது விளையாட்டுக்கில்லை.

பிறகு மாடிப்படி முத்தம் வந்தது. திரையில் இரண்டு தலைகளின் நிழல்தான் காட்டினார்கள். ஆனால் சத்தம் நன்றாகக் கேட்டது. அன்று என் மகளும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் மகளுக்கு வாய் சும்மா இருக்காது.

"அந்தச் சத்தம்கூட நீங்கதானா அண்ணி?"

"ஆமா" என்றாள் மருமகள். "அதுக்கு ஆளெல்லாம் வேண்டாம். இதோ, இப்படித்தான்."

தன் புறங்கையை வாயருகே வைத்து முத்தமிட்டுக் காட்டினாள். தச்சன் உளி பிடிப்பதைக் காட்டுவது போலக் காட்டினாள், வேறொன்றும் அவள் மனதில் இல்லை. டிவியில் கேட்ட அதே சத்தம். மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொரு தடவை செய்யுங்க, சரியா கேக்கல" என்றார். எல்லோருக்கும் முன்னால் என் மகன் சிரித்தான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

தொழிலைக் காட்டியதுதான் அவள் செய்த தப்பு. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அவன், "குண்டூசி, புறங்கை!" என்பான். செய்வாள். மறுத்தால் சிரிப்பு சண்டையாகும். அவனோடு வேலை செய்கிற பயல்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, ஒருவன் தன் கையையே நீட்டி, "அண்ணி, இதுல ஒண்ணு" என்றான். அவள் டீ தட்டைக் கீழே வைத்தாள். தன் கையில் முத்தமிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை விட்டுவிட்டுச் சொன்னால் நான் சொல்வதில் எதுவும் நிற்காது.

பள்ளிக்கூடத்தில் பேத்தி வகுப்புக்குள் நுழைந்தால் பின்வரிசை முழுக்கப் புறங்கையில் முத்தமிடுமாம். பதினாலு வயது அவளுக்கு. வந்து பையை வீசிவிட்டுப் பெற்றவளிடம் சொன்னாள்: "நீ பேசாத. உன் குரலைக் கேட்டாலே எனக்குக் குமட்டுது."

அதன்பிறகு மருமகள் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். வேண்டியதற்குக் கையைக் காட்டுவாள். அவள் குரலைக் கேட்க வேண்டுமென்றால் நானே ஆறரை மணி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாடகத்தில் அந்தப் பெண் பள்ளிக்கூடம் முடித்தாள். இனி ஐந்து வருஷம் தாண்டி, வேலைக்குப் போகிற பெண்ணாக வருவாள், அது இரண்டாம் பாகம் என்றார்கள். அதற்கும் இவள்தானா என்று கூடத்தில் இன்னும் முடிவு செய்யவில்லை.

"குழந்தைக் குரலுக்குத்தான் உன்ன எடுத்தாங்க" என்றான் என் மகன். "அந்தப் பொண்ணு வளர்ந்துட்டா. உன்னத் தூக்கிப் போட்டுடுவாங்க, பாரு."

"கூப்பிட்டாங்கன்னா?"

"அவங்களா கூப்பிட்டா போ. நீயா போன் பண்ணிக் கேட்டு நின்னே, இந்த வீட்ல உனக்கு இடமில்ல."

"அவங்களா கூப்பிட்டா நீங்க தடுக்கக் கூடாது. புறங்கைன்னு ஒரு வார்த்தை அப்புறம் இந்த வீட்ல வரக் கூடாது."

"வராது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, நீங்க சாட்சி."

நான் தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து குளியலறைக்குள் போய், வளர்ந்த பெண்ணின் குரலுக்குப் பழகினாள். தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசிவிட்டு, ஈரத் தலையோடு வந்து என்னிடம் கேட்பாள்: "அத்தை, இது இருபத்திரண்டு வயசாட்டம் இருக்கா?" நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். "இன்னும் கொஞ்சம் கீழ இறக்கு. மூக்கால பேசாத" என்பேன். பத்து நாளில் குரல் இறங்கிவிட்டது. அறையில் வேறு யாரோ ஒரு பெண் இருப்பது போல இருந்தது. காலையில் தொண்டை கொப்பளிக்க உப்பு வெந்நீர் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

அவர்களாகவே கூப்பிட்டார்கள்.

அவள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போன் குளிர்பெட்டியின் மேல் கிடந்து அடித்தது. பச்சையை அமுக்கினால் பேசலாம் என்று எனக்குத் தெரியும். டப்பிங் கூடத்துக்காரர்.

"அம்மாவா? அவங்களைத் திங்கக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுங்க. ரெண்டாம் பாகமும் அவங்கதான். சேனல்ல ஒத்துக்கிட்டாங்க."

பேத்தி அன்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தாள். மூன்றாவது நாளாக. அந்தப் போர்வையைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன்:

"அவ இனிமே வர மாட்டா தம்பி. தொண்டைல கட்டி."

அவர் பதறிப்போனார். "ஐயையோ, எப்போ இருந்து? நான் பேசலாமா?"

"பேசக் கூடாது, அழக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. போன் பண்ணாதீங்க, உங்க பேரைப் பார்த்தாலே அழுவா."

"அவங்க குரல் மாதிரி கிடைக்காதேம்மா."

"ஊர்ல தொண்டைக்கா பஞ்சம்?" என்று சிவப்பை அமுக்கினேன்.

யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் மகனுக்குத் தெரியாது. வீடு வீடாக இருக்கட்டும் என்று நானே செய்தேன். மறுநாள் காலையிலும் உப்பு வெந்நீர் போட்டேன். அதற்கு மறுநாளும். அவள் கொப்பளித்துவிட்டு வந்து, மிஸ்டு கால் ஏதாவது இருக்கிறதா என்று போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைப்பாள். வாக்குக் கொடுத்துவிட்டாளே, அவளாகக் கூப்பிட மாட்டாள். இரண்டு வாரம் ஆயிற்று. "சொன்னேன்ல?" என்றான் என் மகன். அவளும் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றே நம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கு இரண்டாம் பாகம் வந்தது. மருமகள் கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்தப் பெண் கைப்பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வாயைத் திறந்தாள். வேறொருத்தியின் குரல்.

நான் அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தேன். மடிக்கிற சத்தம் நின்றது, மறுபடியும் தொடங்கியது. "அந்த இடத்துல மூச்சு விட்டிருக்கணும்" என்றாள். அவ்வளவுதான். பேத்தி கைதட்டி, "அப்பாடா, இனி ஸ்கூலுக்குப் போலாம்!" என்றாள். பிள்ளை போனாள். சாப்பிட்டாள். நான் செய்தது சரிதான் என்று மூன்று நாள் எனக்கு நிம்மதியாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். என் மகன் வேலை முடிந்து வந்து படுத்திருந்தான். பேத்தி அப்போதுதான் வந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வாசல் மணி அடித்தது. மருமகள் திறந்தாள். டப்பிங் கூடத்துக்காரர், கையில் ஒரு தேன் பாட்டில்.

"வாங்க சார்" என்றாள்.

"பேசாதீங்க, பேசாதீங்க" என்றார் அவர். "கையைக் காட்டுங்க போதும். ஆபரேஷன் உண்டா?"

"என்ன ஆபரேஷன்?"

அவள் குரல் பளிச்சென்று இருந்தது. அவர் தேன் பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அம்மாதான் சொன்னாங்க… நான் கூப்பிட்டப்போ. தொண்டைல கட்டின்னு."

"எப்போ சார் கூப்பிட்டீங்க?"

"மூணு வாரம் இருக்கும். ரெண்டாம் பாகம் உங்களுக்குத்தான்னு சொல்லத்தான். இப்போ பேசுற பொண்ணுகிட்ட கையெழுத்தெல்லாம் வாங்கியாச்சேம்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது." பாட்டிலை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என் மகன் எழுந்து உட்கார்ந்தான். அவனுக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தொடையைத் தட்டிச் சிரித்தான். "அம்மா! நீ நாடகத்துல நடிக்கலாம்மா!"

அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் எதிரே வந்து நின்று கேட்டாள்:

"கட்டின்னு சொன்னீங்களா அத்தை? எந்தப் பக்கம்?"

"குடும்பத்துக்காகத்தான்டி சொன்னேன்."

"எந்தப் பக்கம்னு கேட்டேன்."

நான் என் தொண்டையைத் தொட்டேன். இடது பக்கம். எதற்குத் தொட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. சரி என்பது போல அவள் தலையை ஆட்டினாள்.

உள்ளே போய்ப் பை எதுவும் எடுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலையும், கேஸ் கம்பெனிக் காலத்துக் கைக்குட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டும்போது இடது கால் வார் அறுந்தது. அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"எங்க போற?" என்றான் என் மகன். சிரிப்பு இன்னும் முகத்தில் பாதி இருந்தது. "குண்டூசி! கூப்பிடுறேன்ல?"

பேத்தி ஒற்றைச் சாக்ஸோடு எழுந்து வந்தாள். "அம்மா?"

அதற்கு மட்டும் திரும்பினாள். பிள்ளை இரண்டடி தூரத்தில் நின்றது, கையை நீட்டினால் தொடலாம். தொடவில்லை. தன் புறங்கையை வாயருகே வைத்து ஒரு முத்தம் வைத்தாள். அதே சத்தம். ஆறரை மணிக்கு ஊரே கேட்ட சத்தம், மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டு.

பிறகு, குளியலறையில் நான் இறக்கிக் கொடுத்த அந்த வளர்ந்த குரலில், "கதவைச் சாத்திக்கோங்க அத்தை" என்றாள்.

மூன்று மாடியும் இறங்குவது எனக்குக் கேட்டது. ஒரு கால் நேராக, ஒரு கால் இழுத்து. இஸ்திரி மேசையைத் தாண்டும்போது இஸ்திரிக்காரி கேட்டாள், "எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்று. நேர்க் கால், இழுத்த கால், தெருமுனை வரைக்கும் கேட்டது. இன்னொரு ஆளின் செருப்புச் சத்தம் அதோடு சேரவே இல்லை.