கவிழ்ந்த கப்பலை வரைந்தவன்

நைல் நதியின் மேற்குக் கரையில் பிறந்து வளர்ந்த அமென்வா கடலைக் கண்ணால் கண்டதில்லை. அப்படிப்பட்டவன் தலையில்தான் மன்னர் கட்டிய கோயிலின் வடக்குச் சுவரில், அவர் வென்ற கடற்போரை வரையும் வேலை வந்து விழுந்தது. அவன் சிவப்புக் கோடு போட்டால், அதன்மேல் சிற்பிகள் உளி வைப்பார்கள்.

படை எழுத்தர் ஹூய் தோல்சுருளை விரித்துப் போர்க்குறிப்பை வாசித்தார். பிடிபட்டவர்கள் இத்தனை பேர், செத்தவர்களை எண்ணுவதற்காக வெட்டிவந்த கைகள் இத்தனை. அமென்வா கடகடவென்று வரைந்து தள்ளினான். அடுத்த வரியில்தான் கை நின்றது: "பகைவர் கப்பல் ஒன்று கவிழ்ந்தது."

"எப்படிங்கய்யா கவிழ்ந்துச்சு?"

"கவிழ்ந்துச்சுன்னா கவிழ்ந்துச்சு. கையை எண்ணுவேனா, கப்பலை வேடிக்கை பாப்பேனா?"

மூன்று நாள் வரைந்து வரைந்து அழித்தான். கப்பல் வயிறுமுட்டத் தின்றுவிட்டுப் படுத்த எருமை மாதிரியே இருந்தது. நான்காம் நாள் துறைக்கு ஓடினான். அந்தப் போரில் துடுப்பு வலித்த பாசேர் அங்கே வலையை உலர்த்திக்கொண்டிருந்தான்.

"கொக்கியை வீசி, அவன் பாய்மரத்துல மாட்டி, ஒரே இழுப்பு! வாயால சொன்னா உனக்கு வெளங்காது தம்பி. நீச்சல் தெரியுமா?"

"தெரியும்ணே."

"அப்ப என் படகுல ஏறு!"

பாசேரின் கூட்டாளிகள் இன்னொரு படகிலிருந்து கொக்கியை வீசிப் பாய்மரத்தில் மாட்டிக் கயிற்றை இழுத்தார்கள். படகு சாய்ந்தது. அமென்வா வாய் நிறையத் தண்ணீரோடு எழுந்தான், ஒன்றையும் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவைண்ணே! நான் கரையில நிக்கிறேன்!"

அதற்குள் துணி துவைத்தவர்கள், வெங்காயம் விற்றவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அவன் மனைவி தகாத்தும் ஓடிவந்தாள். "சுவத்துல வரையச் சொன்னா ஆத்துல முங்குறீங்களே! முதலை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பேசாதடி, பாரு!"

மறுபடி இழுத்தபோது பாய்மரத்தின் நுனி முதலில் தண்ணீரை அறைந்தது. அடிப்பக்கம் வானத்தைப் பார்த்தது. பாசேரின் ஒரு கால் கயிற்றில் சிக்க, அவன் தலைகீழாகத் தொங்கிக் கத்தினான். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அமென்வா ஒரு பானை ஓட்டில் கிறுக்கிக்கொண்டு, ஈர வேட்டியோடு கோயிலுக்குப் பறந்தான்.

பொழுது சாய்வதற்குள் கப்பல் சுவரில் கவிழ்ந்துவிட்டது. பிழை திருத்தும் தலைமை ஓவியர் கறுப்புத் தூரிகையோடு வந்தார். நெடுநேரம் பார்த்தார். சுவரைத் தொடாமலே போய்விட்டார். அமென்வாவுக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

செதுக்கி வண்ணம் பூசியதும், திருவிழா நாளில் பாசேர் தன் கூட்டாளிகளை இழுத்துவந்தான்.

"அடேய், தலைகீழாத் தொங்குறவன் யாருன்னு தெரியுதா? நான்தாண்டா! படுபாவி, என்னையே பகைவனாக்கிட்டான்!"

அன்றிலிருந்து பாசேர் மீன்கூடையோடு அமென்வா வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கினான். அமென்வாவோ, தேரோட்டியானாலும் ஈட்டிக்காரனானாலும் வழியில் மறித்து, "எப்படி விழுந்தீங்க, கொஞ்சம் விழுந்து காட்டுங்க" என்று கேட்டபடியே கடைசிவரை வாழ்ந்தான்.