கலியாணக் காட் கொண்டுவந்தவர்கள் சாப்பிட்ட சொக்லேட்

1. அழைப்பு

"அண்ணை, உங்கடை கடைச் சொக்லேட்டைச் சாப்பிட்டிட்டு அவை கார் ஓடிக்கொண்டு போகினம்!"

ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில், அரச அனுமதி பெற்ற கஞ்சாக் கடையொன்றில் நான் வேலை செய்கிறேன். ஒரு ஞாயிறு மத்தியானம் வந்த போன் அது. பேசியவர் சுகந்தி என்ற வாடிக்கையாளர். யார் சாப்பிட்டது, எவ்வளவு என்று கேட்டேன். அழுகைக்குள் "வீட்டுக்கு வந்தவை" என்றது மட்டும் விளங்கியது.

2. விற்கும்போது சொன்னவை

அதற்கு முந்தின கிழமைதான் அவர் கடைக்கு வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கழுத்து வரை இழுத்த ஜக்கெற். நம்மவர்கள் முதல் தடவை வரும்போது வங்கியைக் கொள்ளையடிக்க வந்தவர்கள் மாதிரித்தான் வருவார்கள். புகை வேண்டாம், சாப்பிடுகிற சாமானில் என்னதான் இருக்கிறதென்று ஒருக்கால் பார்க்க ஆசை என்றார்.

புதிதாக வருபவர்களுக்குச் சொல்வதை அவருக்கும் சொன்னேன்.

"ஒரு சொக்லேட்டிலை பத்து மில்லிகிராம் ரி.எச்.சி., அதுதான் போதை தாற சாமான், இருக்கு. அதை நாலாய் உடைச்சு ஒரு துண்டு மட்டும் எடுங்கோ. புகை மாதிரி உடனை ஏறாது. ஏற ரெண்டு மணித்தியாலமும் செல்லும். ஒண்டும் செய்யேல்லை எண்டு மற்றத் துண்டை வாயிலை போடாதேங்கோ. ஏறினால் அரைநாளும் நிக்கும். குடியோடை சேர்க்கக் கூடாது, கார் தொடக் கூடாது. பைக்கற்றோடை பூட்டி வையுங்கோ."

எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். நாலைந்து பைக்கற் வாங்கிக்கொண்டு போனார்.

3. பிஸ்கற் ரின்

பைக்கற்றில் சிவப்பு அடையாளத்துக்குள் கஞ்சா இலை இருக்கும். கணவர் கண்டுவிடுவாரே என்ற பயத்தில், சுகந்தி அதையெல்லாம் கிழித்து எறிந்துவிட்டு, சொக்லேட்டுகளை வெறும் பிஸ்கற் ரின் ஒன்றில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறார்.

போன் வந்த அந்த ஞாயிறு அவர் சாமான் வாங்கப் போன நேரம், யூனியன்வில்லில் இருந்து கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் சிவநேசனும் மனைவி மாலாவும் மகளின் கலியாணக் காட் கொண்டு வந்திருக்கிறார்கள். காட் கொண்டு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப நம் வீடுகளில் யாருக்கு மனம் வரும்? கணவர் தேத்தண்ணி போட்டு ரின்னையும் நீட்டிவிட்டார். நல்லாயிருக்கென்று சிவநேசன் இரண்டு சாப்பிட்டார், மாலா ஒன்று. அடுத்த காட் கொடுக்க நெடுஞ்சாலையால் விட்பிக்குப் போக வேண்டும். இறங்கிப் போய்விட்டார்கள். சுகந்தி திரும்பி வந்து ரின்னைப் பார்த்த பிறகுதான் எனக்குப் போன் அடித்திருக்கிறார்.

4. இரண்டாவது மணி

"அவைக்குப் பழுதாப்போன சொக்லேட் எண்டு சொல்லட்டே, அண்ணை?" என்று சுகந்தி போனில் கேட்டார்.

"பழுதான சொக்லேட்டுக்கு ஆர் காரை நிப்பாட்டுவினம்? உள்ளதைச் சொல்லுங்கோ."

"மாலா அக்காவுக்குத் தெரிஞ்சால் முழு ஸ்காபரோவுக்கும் தெரியும். இவர் வேறை பக்கத்து அறையிலை நிக்கிறார்."

"தங்கச்சி, கலியாண வீடு செத்த வீடாப் போகும். இவ்வளவுக்கும் ஏறத் தொடங்கியிருக்கும். உங்கடை மனுசன்ரை போனை வாங்கி அவைக்கு அடியுங்கோ. நான் லைனிலை நிக்கிறன்."

கணவரின் போன் ஸ்பீக்கரில் மணி அடித்தது எனக்கும் கேட்டது. அடித்து அடித்து நின்றது. 401 நெடுஞ்சாலையும் அதில் ஓடும் லொறிகளும் என் கண்ணுக்குள் வந்தன. கவுண்டருக்கு முன்னால் ஒருவர் ஏதோ விலை கேட்டார். கையைக் காட்டி நிற்கச் சொன்னேன். அப்படியொரு பயம் எனக்கு அதற்கு முதல் வந்ததில்லை.

இரண்டாம் தரம் மாலா எடுத்தார்.

"மாலா அக்கா, அண்ணையைக் காரை நிப்பாட்டச் சொல்லுங்கோ. நீங்கள் சாப்பிட்டது கஞ்சா போட்ட சொக்லேட். அது என்ரை."

"கஞ்சாவோ? ஆற்றை?" என்று சுகந்திக்குப் பக்கத்தில் அவர் கணவரின் குரல்.

"ஐயோ, இவர் றோட்டு நீண்டுகொண்டே போகுதெண்டு சொல்லுறார். நான் பகிடி எண்டு நினைச்சன். நிப்பாட்டுங்கோப்பா! எக்சிற்றிலை இறங்குங்கோ!"

யாரோ ஹோர்ண் அடிக்கும் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"நிப்பாட்டிட்டம்," என்றார் மாலா. "கடை வாசல் ஒண்டிலை நிக்கிறம். இவர் திறப்பை என்னட்டைத் தந்திட்டார்."

"நீங்களும் காரை எடுக்காதேங்கோ, நீங்களும் சாப்பிட்டனீங்கள்," என்று சுகந்தி மூலம் சொன்னேன். "பொய்சன் சென்ரருக்கு, அந்த நஞ்சு விசாரிக்கிற நம்பருக்கு, அடிச்சுக் கேளுங்கோ. நெஞ்சு நொந்தால், மயங்கினால் உடனை 911 அடிச்சு அம்புலன்ஸ் கூப்பிடுங்கோ." சுகந்தியும் கணவரும் அவர்களைக் கூட்டிவரப் புறப்பட்டார்கள். அந்தக் காருக்குள் இருவரும் என்ன பேசியிருப்பார்களோ, எனக்குத் தெரியாது.

5. இப்போது கேட்பது

மறுநாள் சிவநேசன் எழும்பியபோது தலைப்பாரம் மட்டும்தான். கலியாணமும் நடந்தது. சுகந்தி போனார், பலகாரம் கொண்டுவர வேண்டாமென்று மாலா சொல்லிவிட்டாராம்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் மில்லிகிராமும் மணித்தியாலமும் நன்றாகப் பாடமாக்கிச் சொல்கிறார்கள். சுகந்திக்கு நானும் அதெல்லாம் சொன்னேன், அவரும் கேட்டார். வெட்கம்தான் அந்தப் பைக்கற்றைக் கிழித்தது. அதனால் இப்போது எடிபிள், அதாவது சாப்பிடுகிற கஞ்சா, கேட்டு நம்மவர் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "வீட்டிலை ஆருக்குத் தெரியும்?"

ஒருத்தருக்கும் தெரியாது என்றால், சொல்லிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். கடை மனேஜர் முறைப்பார், முறைக்கட்டும். யாரும் எடுக்காமல் அடித்து நின்ற அந்த மணியை அவர் கேட்கவில்லை.